கிருமியைக் காட்டிக்கொடுக்கும் மருந்து: ஒரு பழைய கதை

ஒரு மாதமாக இந்தப் பக்கம் வர முடியவில்லை. கணக்கு முடிப்பு, ஆடிட்டர்கள் என்று தலைக்கு மேல் வேலை. இன்று எழுதப்போவது வங்கியைப் பற்றி இல்லை. மருத்துவம்! பி.காம் படித்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். அம்மாவின் முழங்கால்தான் என்னை இதில் இழுத்துவிட்டது. கொஞ்சம் நீளமான பதிவு. காபி கலந்துகொண்டு வந்து உட்காருங்கள்.

கரமனையில் எங்கள் வீடு ஆற்றுப் பக்கம் இறங்கும் தெருக்களில் ஒன்றில் இருக்கிறது. அம்மாவுக்கு 2015-ல் வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தாள். சத்தியவாகீஸ்வரர் கோயிலுக்குத் தினமும் தனியாகவே போய்வருவாள். 2017 ஓணம் கழிந்து இரண்டு வாரத்தில் வலி ஆரம்பித்தது. முழங்கால் லேசாக வீங்கியது, தொட்டால் சூடு. பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் காட்டினார்கள். அங்கிருந்த டாக்டர் "எதற்கும் இருக்கட்டும்" என்று ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்துவிட்டார். அந்த "எதற்கும் இருக்கட்டும்" எங்களை என்ன பாடு படுத்தியது என்று பிறகு சொல்கிறேன்.

வலி போகவில்லை. பெரிய மருத்துவமனைக்குப் போனார்கள். ரத்தப் பரிசோதனையில் ஈ.எஸ்.ஆர். கொஞ்சம் அதிகம். எலும்பு ஸ்கேன் எடுத்ததில் முழங்கால் பளிச்சென்று ஒளிர்ந்தது. அறிக்கையில் இருந்த கடைசி வரியின் சாரம் இது: கிருமித் தொற்றாக இருக்கலாம், அல்லது செயற்கை மூட்டு எலும்பில் பிடி தளர்ந்திருக்கலாம்.

அந்த "அல்லது" சாதாரணமான அல்லது இல்லை. தளர்ச்சி என்றால் ஒரே அறுவை சிகிச்சையில் புது மூட்டு வைத்துவிடுவார்கள். தொற்று என்றால் பெரும்பாலும் இரண்டு. முதலில் உலோகத்தை எடுத்துவிட்டு ஆன்டிபயாடிக் கலந்த சிமென்டை வைத்து மூடுவார்கள். வாரக்கணக்கில் ஊசி மருந்து. கிருமி ஒழிந்தது என்று தெரிந்த பிறகு மறுபடியும் திறந்து புது மூட்டு. எழுபது தாண்டிய ஒருத்தி மாதக்கணக்கில் மூட்டே இல்லாத காலோடு கிடக்க வேண்டும். நானோ லண்டனில். போனில் குரல் கேட்கலாம், காலைத் தொட்டுப் பார்க்க முடியாது. வெளிநாட்டில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்போதுதான் மாமா போன் செய்தார். ஏஜீஸ் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், பத்திரிகையில் வந்ததை எல்லாம் கத்தரித்து வைத்திருப்பவர்.

"டேய், சிப்ரோஃப்ளாக்ஸசின் மருந்துலயே கதிரியக்கத்தைச் சேத்து ஊசியாப் போடுவாளாம். கிருமி இருந்தா அந்த எடம் மட்டும் படத்துல தெரியுமாம். லண்டன்லதான் கண்டுபிடிச்சாளாம். நீ அங்கதானே இருக்கே, விசாரிச்சுச் சொல்லு."

நான் விசாரித்தேன். மாமா சொன்னது பொய்யில்லை. அது பிறந்த இடம் என் ஆபீஸில் இருந்து பத்து நிமிட நடைதான்!

*

லண்டன் சிட்டி பகுதியில் வேலை செய்பவர்களுக்கு ஸ்மித்ஃபீல்ட் இறைச்சிச் சந்தை தெரிந்திருக்கும். அதை ஒட்டி இருக்கிறது செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனை. சுருக்கமாக பார்ட்ஸ். 1123-ல் தொடங்கியது. மதிய இடைவேளையில் எத்தனையோ முறை அதன் வாசலைக் கடந்திருக்கிறேன்.

1990-களின் தொடக்கத்தில் அங்கே கீத் பிரிட்டன் என்ற அணு மருத்துவப் பேராசிரியரும், சத்யா தாஸ் என்ற நுண்ணுயிரியல் நிபுணரும், சோலங்கி முதலிய சக ஆய்வாளர்களும் சேர்ந்து ஒன்றைச் செய்தார்கள். பெயர் "இன்ஃபெக்டான்". சிப்ரோஃப்ளாக்ஸசின் மூலக்கூறோடு டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளைச் சேர்த்த ஊசி மருந்து. 1993-ல் இதைப் பற்றிய முதல் அறிவிப்பு வந்தது.

எதற்காக இப்படி ஒன்று தேவைப்பட்டது? அதற்கு இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

முதலில் டெக்னீசியம். 1937-ல் இத்தாலியின் பலெர்மோவில் எமிலியோ செக்ரேயும் கார்லோ பெரியரும் கண்டுபிடித்த தனிமம். மனிதன் செயற்கையாக உண்டாக்கிய முதல் தனிமம் இதுதான். அதன் 99எம் என்ற வகைக்கு அரை ஆயுள் 6 மணி நேரம். அதாவது ஆறு மணிக்கு ஒருமுறை பாதியாகும். 24 மணி நேரத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். நமக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால், ரெட்யூசிங் பேலன்ஸ் முறையில் 50 சதவீதத் தேய்மானம், ஆண்டுக்கு ஒருமுறைக்குப் பதில் ஆறு மணிக்கு ஒருமுறை :-) உடம்பில் நீண்ட நாள் தங்காது. அதுவரை வெளிவிடும் காமா கதிர் கேமராவுக்கு வசதியான அளவில் இருக்கும்.

ஆறு மணி நேரத்தில் பாதியாகிற சரக்கை மும்பையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு எப்படி அனுப்புவது? அனுப்ப வேண்டாம், மாட்டையே அனுப்பிவிடலாம் என்பதுதான் வழி. மாலிப்டினம்-99 மெதுவாக, 66 மணி நேரத்துக்குப் பாதி என்ற கணக்கில், டெக்னீசியமாக மாறிக்கொண்டே இருக்கும். அதை ஒரு சின்னக் குழாயில் வைத்து, ஈயக் கவசத்துக்குள் அடைத்து அனுப்புவார்கள். மருத்துவமனையில் தினமும் உப்புத் தண்ணீரை அதன் வழியே விட்டு டெக்னீசியத்தை மட்டும் வடித்துக்கொள்வார்கள். இத்துறைக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரே "பால் கறப்பது"தான். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் 1950-களின் கடைசியில் உருவான ஏற்பாடு. அம்மாவின் எலும்பு ஸ்கேனுக்குப் போட்டதும் இந்த டெக்னீசியம்தான், ஆனால் வேறு பொருளோடு சேர்த்தது. அந்தப் பொருள் எலும்பு எங்கே புதிதாகக் கட்டப்படுகிறதோ அங்கே போய் உட்காரும். கிருமியாலும் கட்டப்படும், தளர்ச்சியாலும் கட்டப்படும். ஆகவேதான் அந்த "அல்லது".

தொற்றை மட்டும் காட்டும் பொருளைத் தேடுவது அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1971-ல் காலியம்-67 சீழ் இருக்கும் இடத்தில் சேர்வதைக் கண்டார்கள். ஆனால் அது புற்றுநோயிலும் சேரும், குடலிலும் தேங்கும். 1976-ல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் இன்னொரு வழி பிறந்தது. நோயாளியின் வெள்ளை அணுக்களையே பிரித்தெடுத்து, இண்டியம்-111 சேர்த்துத் திரும்ப ஏற்றுவது. அந்தக் குழுவில் இந்தியாவிலிருந்து போன மேத்யூ தாக்கூர் என்ற விஞ்ஞானியும் இருந்தார். வெள்ளை அணுக்கள் தொற்று இருக்கும் இடத்துக்கு ஓடும். கேமராவில் பார்த்துவிடலாம்.

நல்ல வழிதான், இன்றும் நடக்கிறது. ஆனால் சிக்கல்கள் உண்டு. சுமார் 50 மில்லி ரத்தம் எடுக்க வேண்டும். கிருமி படாத சூழலில், பயிற்சி பெற்ற ஆள் மணிக்கணக்கில் உட்கார்ந்து அணுக்களைப் பிரிக்க வேண்டும். ஒருவர் ரத்தம் இன்னொருவருக்குப் போய்விடாமல் கவனிக்க வேண்டும். எயிட்ஸ் பயம் உச்சத்தில் இருந்த காலம் வேறு. இதற்கெல்லாம் மேலாக, வெள்ளை அணுக்கள் கிருமி இல்லாத அழற்சிக்கும் ஓடும். தீயணைப்பு வண்டி நிற்கிறது என்பதாலேயே அங்கே நெருப்பு எரிகிறது என்று சொல்ல முடியுமா?

பார்ட்ஸ் குழுவின் யோசனை இங்கேதான் வருகிறது. வண்டியைப் பார்க்க வேண்டாம், நெருப்பையே பார்ப்போம்.

சிப்ரோஃப்ளாக்ஸசின் 1980-களில் பேயர் நிறுவனம் கொண்டுவந்த மருந்து. நம் ஊரில் வயிற்றுப்போக்குக்கும் மூத்திரக் கடுப்புக்கும் விழுங்காதவர்கள் குறைவு. அது பாக்டீரியாவுக்குள் போய் டி.என்.ஏ. ஜைரேஸ் என்ற நொதியைப் பிடித்துக்கொள்ளும். கயிறு திரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முறுக்கு ஏறிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் சிக்கிக்கொள்ளும், அவ்வப்போது தளர்த்திவிட வேண்டும். பாக்டீரியாவின் டி.என்.ஏ.வுக்கு அந்த வேலையைச் செய்வது ஜைரேஸ். மருந்து அதைப் பிடித்துக்கொண்டால் பாக்டீரியா செத்தது. நம் உடம்பு அணுக்களில் இருக்கும் நொதி வேறு மாதிரியானது, அதை மருந்து அவ்வளவாகத் தொடாது.

ஆகவே டெக்னீசியம் சேர்த்த சிப்ரோஃப்ளாக்ஸசினைக் கொஞ்சம் ஏற்றினால், உயிருள்ள பாக்டீரியா இருக்கும் இடத்தில் மட்டும் தங்க வேண்டும், வெறும் அழற்சியில் தங்கக் கூடாது. ரத்தத்தைப் பிரிக்க வேண்டாம். புட்டியில் கலந்து ஊசி போட வேண்டியதுதான். படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. இவ்வளவு எளிமையான யோசனை!

1996-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. 56 நோயாளிகள். தொற்று இருந்தவர்களில் நூற்றுக்கு 84 பேரை இன்ஃபெக்டான் பிடித்தது. தொற்று இல்லாதவர்களில் நூற்றுக்கு 96 பேரைச் சரியாக "இல்லை" என்றது. வெள்ளை அணு முறைக்கு அதே எண்கள் 81, 77.

வியன்னாவில் இருக்கும் பன்னாட்டு அணுசக்தி முகமை இதைக் கையில் எடுத்தது. வளரும் நாடுகளில் ரத்தம் பிரிக்கும் வசதி குறைவு, தொற்றோ அதிகம். எட்டு நாடுகளில் சோதித்து, 2002-ல் 879 நோயாளிகளின் கணக்கை பிரிட்டன் குழு வெளியிட்டது. தொற்று இருந்தவர்களில் 85.4 சதவீதம் பிடிபட்டார்கள். இல்லாதவர்களில் சரியாகச் சொன்னது 81.7 சதவீதம்.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. டெல்லியில் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் கீழ் இருக்கும் இன்மாஸ் என்ற அணு மருத்துவ நிறுவனம் இதே மருந்தை "டயக்னோபாக்ட்" என்ற பெயரில் கலவைப் புட்டியாகவே செய்தது. நம் நாட்டின் தேவை காசநோய். எலும்பில் வரும் காசநோயை இதில் பார்க்க முடியுமா என்று 2007-ல் ஒரு ஆய்வு வந்தது. காசநோய் மருந்தான எத்தாம்புட்டாலோடும் டெக்னீசியத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். மாமாவின் கத்தரிப்பு இந்தக் காலத்துச் செய்தியாகத்தான் இருக்க வேண்டும்.

*

அப்புறம் ஏன் அம்மாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை?

மேலே கொடுத்த எண்களை இன்னொரு தரம் பாருங்கள். தொற்று இல்லாதவர்களைச் சரியாகச் சொன்னது 56 பேரில் சோதித்தபோது 96. எட்டு நாடுகளில் 879 பேரிடம் போனபோது சுமார் 82. வங்கிக்காரன் கண்ணுக்கு இது உடனே உறுத்தும்.

கள்ள நோட்டு பிடிக்கும் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விற்க வருபவர் கள்ள நோட்டை வைத்துக் காட்டுவார். கீக் என்று கத்தும். நாமும் கைதட்டுவோம். கேஷியர் கேட்கும் கேள்வி வேறு: "நல்ல நோட்டுக்கு எத்தனை தரம் கத்தும்?" ஏனென்றால் கவுன்டருக்கு வருவதில் பெரும்பாலும் நல்ல நோட்டுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். செயற்கை மூட்டு வலியோடு 100 பேர் வருகிறார்கள். பேச்சுக்கு, அதில் 20 பேருக்குத் தொற்று, 80 பேருக்கு இல்லை என்று வைத்துக்கொள்வோம். 85 சதவீதம் பிடித்தால் 20-ல் 17 பேர் ஒளிர்வார்கள். மீதி 80 பேரில் 18 சதவீதம், அதாவது சுமார் 14 பேர், தொற்று இல்லாமலே ஒளிர்வார்கள். மொத்தம் ஒளிர்ந்தது 31. அதில் 14 பேருக்கு ஒன்றுமில்லை! அந்த 14 பேரில் ஒருத்தி என் அம்மாவாக இருந்தால்? உலோகத்தை எடுத்து, சிமென்ட் வைத்து, மாதக்கணக்கில் படுக்க வைத்து... எல்லாம் இல்லாத கிருமிக்காக.

மனிதர்களில் இதைத் தீர்த்துச் சொல்வது கஷ்டம், "உண்மையில் தொற்று இருந்ததா" என்பதே பல நேரம் சந்தேகம். ஆகவே பாரிஸில் ஒரு குழு முயல்களிடம் பார்த்தது. முயலின் முழங்காலில் செயற்கைப் பொருளை வைத்து, சிலவற்றில் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவை விட்டார்கள், சிலவற்றைச் சுத்தமாக விட்டார்கள். எதில் கிருமி என்று சந்தேகமே இல்லை. 2002-ல் முடிவு வந்தது. கிருமி உள்ள முழங்காலும் ஒளிர்ந்தது, இல்லாததும் ஒளிர்ந்தது. இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

காரணங்களாகச் சொல்லப்படுபவை மூன்று.

ஒன்று, அழற்சி இருக்கும் இடத்தில் ரத்தக் குழாய்கள் கசியும். எந்தச் சின்ன மூலக்கூறும் அங்கே கொஞ்சம் கசிந்து தேங்கும். படத்தில் அதுவும் ஒளிதான்.

இரண்டு, டெக்னீசியத்தைச் சேர்த்த பிறகு அது பழைய சிப்ரோஃப்ளாக்ஸசின்தானா? மருந்து மிகச் சின்ன மூலக்கூறு. அதன் மேல் ஒரு உலோக அணுவை ஏற்றினால் வடிவம் மாறும். பூட்டுக்குப் பொருந்திய சாவியில் ஒரு காசை ஒட்டவைத்த மாதிரி. சேர்ந்து வந்த பொருளின் அமைப்பே தெளிவாக நிறுவப்படவில்லை என்று பலர் எழுதினார்கள்.

மூன்று, கொல்வது வேறு, காட்டுவது வேறு. ஒரு பாக்டீரியாவைக் கொல்ல அதன் சில நொதிகளைப் பிடித்தால் போதும். கேமராவுக்குத் தெரிய வேண்டுமானால் ஏராளமான மூலக்கூறுகள் அங்கே வந்து, போகாமல் தங்க வேண்டும். சிப்ரோஃப்ளாக்ஸசின் வந்த வழியே வெளியேயும் போய்விடும்.

டிராக்ஸிமேஜ் என்ற கனடா நிறுவனம் உரிமம் வாங்கி அமெரிக்காவில் சோதனை வரை கொண்டுபோனது. ஆனால் மருந்து சந்தைக்கு வரவே இல்லை.

இதை வைத்து பிரிட்டன் குழுவைக் கிண்டல் செய்ய நான் தயாரில்லை. அவர்கள் கேட்ட கேள்வி சரியான கேள்வி. இன்றும் அதே கேள்வியில்தான் வேலை நடக்கிறது. 2017-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு டிரைமெத்தோபிரிம் என்ற ஆன்டிபயாடிக்கில் ஃப்ளூரின்-18 சேர்த்து விலங்குகளில் தொற்றைப் பிரித்துக் காட்டியது. உலோகத்தை ஒட்டவைக்காமல், மூலக்கூறை அதிகம் மாற்றாமல் செய்யும் வழி.

எனக்கு இன்னும் பிடித்தது ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சஞ்சய் ஜெயின் குழு செய்தது. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினின் கார்பன் அணு ஒன்றுக்குப் பதிலாகக் கதிரியக்கக் கார்பன்-11 வைத்தார்கள். மருந்து துளியும் மாறவில்லை. அதை நோயாளிகளுக்குக் கொடுத்து, கிருமி எங்கே என்று கேட்காமல், "மருந்து எங்கே போய்ச் சேருகிறது?" என்று கேட்டார்கள். 2020-ல் வந்த முடிவில், நுரையீரலில் குழி விழுந்த இடங்களின் சுவருக்குள் மருந்து மிகக் குறைவாகவே போகிறது என்று தெரிந்தது. அதே ஒளிரும் ஆன்டிபயாடிக், ஆனால் அது பதில் சொல்லக்கூடிய கேள்வி கிடைத்துவிட்டது.

*

கதைக்கு வருகிறேன். 2017 அக்டோபரில் லீவு போட்டு ஊருக்குப் போனேன். எலும்பு டாக்டரிடம் மாமாவின் கத்தரிப்பைக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார்.

"சாரே, ஞங்ஙள் படிக்கும்போள் இது வலிய வார்த்தையாயிருந்நு. இப்போ ஆரும் செய்யாறில்ல."

பிறகு அவர் சொன்ன வழி ஸ்கேனே இல்லை. மூட்டுக்குள் ஊசி விட்டு நீரை எடுத்து, அதில் வெள்ளை அணுக்களை எண்ணி, மீதியைக் கல்ச்சருக்கு வைப்பது. கிருமி இருந்தால் தட்டில் வளரும். அதற்குத்தான் அந்த "எதற்கும் இருக்கட்டும்" மாத்திரை குறுக்கே நின்றது. ஆன்டிபயாடிக் உடம்பில் இருக்கும்போது கிருமி இருந்தாலும் தட்டில் வளராமல் போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வலியோடு காத்திருந்தோம். நீர் எடுத்த பிறகு கல்ச்சருக்கு இன்னும் பதினான்கு நாள். என் லீவு அதில் தீர்ந்துவிட்டது.

முடிவு நான் லண்டன் திரும்பிய பிறகு வந்தது. அணுக்கள் குறைவு. எதுவும் வளரவில்லை. வெறும் தளர்ச்சி. ஒரே அறுவை சிகிச்சையில் முடிந்தது. இன்ஃபெக்டான் கிடைத்திருந்து அந்த முழங்காலும் ஒளிர்ந்திருந்தால் நான்தான் முதல் ஆளாக "பார்த்தீர்களா, கிருமி!" என்று குதித்திருப்பேன்.

நம்மைப் போல் போனில் அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இரண்டு விஷயம். செயற்கை மூட்டு இருப்பவர்களுக்கு அங்கே வலி, வீக்கம் வந்தால், அவசரம் ஒன்றும் இல்லாதபட்சத்தில், நீர் எடுக்கும் முன் ஆன்டிபயாடிக் தொடங்கலாமா என்று எலும்பு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். புதிய பரிசோதனை எதையாவது யாராவது அனுப்பினால், நோய் இருப்பவர்களில் எத்தனை பேரைப் பிடித்தது என்பதோடு நிறுத்தாமல், நோய் இல்லாதவர்களில் எத்தனை பேருக்குக் கத்தியது என்றும் பாருங்கள்.

மாமாவுக்கு இதையெல்லாம் போனில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரிடா. ஆனா யோசனை நல்ல யோசனைதானே?"

"நல்ல யோசனைதான் மாமா."

"அப்போ அந்தக் கத்தரிப்பு இருக்கட்டும்" என்றார். இன்னும் வைத்திருக்கிறார் :-)

உங்கள் வீட்டில் இந்த மாதிரி அனுபவம் இருந்தால் எழுதுங்கள். அடுத்த பதிவு வங்கியைப் பற்றித்தான், பயப்படாதீர்கள்.